கடலக்கா கடலை அடைத்துவிட்டாள்

அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் அவளை எல்லோரும் கடலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட வாய் கூசாமல் அக்கா என்றார்கள். ஆனால் கடலுக்கும் அவளுக்கும் நேரடிப் பழக்கம் ஒன்றும் கிடையாது. நீச்சல் தெரியாது. படகைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை அவளை ஆராய்ச்சிக் கப்பலில் அனுப்பினார்கள். துறைமுகத்தில் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். போகவர மொத்தப் பயணத்தையும் ஒரு சிவப்பு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே முடித்தாள். "கப்பல் இன்னும் கிளம்பவே இல்லம்மா" என்று மாலுமிகள் சொன்னதை அலுவலகத்தில் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அதற்கப்புறம்தான் அவளுக்கு ஏற்ற கடல் அவளுக்குக் கிடைத்தது. கணினிக்குள் இருக்கும் கடல். அது ஆடாது, நாறாது, வாளி தேவைப்படாது.

உலகத்துக் கடல் முழுவதையும் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு சூடு, எவ்வளவு உப்பு, தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணினியைக் கணக்குப் போட வைப்பதுதான் அவள் வேலை. அந்தக் கணினிக் கடலுக்கு மாடல் என்று பெயர். கடலில் ஒரு பெரிய ஓட்டம் உண்டு. மேலே இருக்கிற சூடான நீர் குளிர்ப் பிரதேசத்துக்குப் போகும். அங்கே குளிர்ந்து, கனத்து, அடியில் இறங்கும். பிறகு ஆழத்திலேயே ஊர்ந்து ஊர்ந்து உலகத்தைச் சுற்றிவிட்டு மறுபடி மேலே வரும். ஒரு சுற்று முடிய ஆயிரம் வருஷம் போல ஆகும். சோம்பேறித்தனத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளே இல்லை என்பாள் அவள். ஆனால் உலகத்து மழையும் குளிரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. காற்று சூடாகிக்கொண்டே போனால் அந்த ஓட்டம் இன்னும் சோம்பிப்போகுமா, போனால் எத்தனை நூறு வருஷத்தில் என்பதுதான் அவள் தேடிக்கொண்டிருந்த விடை.

இதைக் கட்டடத்தில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. மாடிப்படியில் ஆளைப் பார்த்தால் போதும்.

"கடலக்கா, நாளைக்கு மழை வருமா? துணி ஊற வைக்கலாமா?"

"நாளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க. இருநூறு வருஷம் கழிச்சு வேணா கேளுங்க, சொல்றேன்."

அவள் உண்மையைத்தான் சொன்னாள். இரண்டாவது மாடியில் குடியிருந்த டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டில் அவளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் கணவர் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பவர். வேலையைப் பற்றிப் பேசினால் எதிராளி எழுந்து போய்விடுவார் என்பது அவருக்கும் பழக்கமானதுதான். சாப்பாட்டு மேசையில் ஒரு பாதி அவருடையது, மறுபாதி அவளுடையது. இந்தப் பக்கம் லேப்டாப்பில் கடல், அந்தப் பக்கம் தட்டில் காய்கிற பல் வரிசைகள். இருவரும் மணிக்கணக்கில் ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்ப்பார்கள். பார்க்கிறவர்களுக்குச் சண்டை போலத் தெரியும். அவர்களுக்கு அதுதான் சந்தோஷம்.

அந்த வருஷம் அவள் ஓடவிட்டிருந்தது ஆயிரம் வருஷக் கணக்கு. அலுவலகத்துப் பெரிய கணினியில் அது வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டவள் மாதிரி அவள் போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வாள். முந்நூறு வருஷம் ஆச்சு. நானூறு வருஷம் ஆச்சு. அறுநூறைத் தாண்டியபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. காற்றை எவ்வளவு சூடாக்கினாலும் பெருங்கடலின் ஓட்டம் அசைந்து கொடுக்கவில்லை. போட்டது போட்டபடி ஓடியது.

அலுவலகத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல செய்தி சொல்கிற ஆட்கள் அந்தத் துறையில் குறைவு. "அடுத்த மாசக் கூட்டத்துல இதை நீங்களே பேசுங்க. முதல் படம் மட்டும் பளிச்னு இருக்கணும். பாக்கறவங்க கண்ணு அதுலயே நிக்கணும்" என்றார்.

அந்தப் பளிச்சென்ற படத்தில்தான் வினை ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் அந்தப் படத்தை வரைந்தாள். உலகம் முழுவதும் கடல்மட்டம் எங்கே உயரம், எங்கே பள்ளம் என்று வண்ணத்தில் காட்டுகிற படம். அதுவரை அவள் பெருங்கடல்களின் சராசரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். முழு உலகப் படத்தைப் போட்டுப் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தால் திரை முழுவதும் ஒரே நீலம். ஓரிடத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி.

அவள் விரலால் துடைத்தாள். போகவில்லை.

"ஏங்க, உங்க மெழுகு இங்க ஒட்டிருக்கு."

கணவர் எட்டிப் பார்த்தார். பல்லுக்கு வைக்கிற இளஞ்சிவப்பு மெழுகு அந்த வீட்டில் எங்கும் ஒட்டியிருக்கும். போன வாரம்கூட அவள் தலைமுடியில் ஒட்டியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "மெழுகு இல்ல. உள்ள இருக்கு" என்றார்.

அவள் அந்தப் புள்ளியைப் பெரிதாக்கினாள். அது ஒரு உள்கடல். சுற்றிலும் நிலம், ஒரு பக்கம் மட்டும் பெருங்கடலுக்கு ஒரு குறுகிய வாய். அவர்கள் ஊர் இருப்பதும் அந்தக் கடலின் ஓரத்தில்தான். புள்ளியின் மேல் அம்புக்குறியை வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்று காட்டியது.

"ஐயையோ! தண்ணி மலை! நம்ம ஊர் கடல் இருநூறு மீட்டர் ஏறி நிக்குதுங்க!"

அதே நேரத்தில்தான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் நாத்தனார்.

கணவரின் அக்காவான இந்த நாத்தனார் முப்பது வருஷம் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு வாசித்தவர். ஓய்வு பெற்றபோது மைக்கைத்தான் வாங்கிக்கொண்டார்கள். குரலை அவரிடமே விட்டுவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து உப்பு கேட்டாலும் மூன்றாவது நடைமேடைக்குக் கேட்கும். முதல் மாடியில் குடியிருந்த அவர், ஆசை ஆசையாய்க் கடற்கரையில் ஒரு புது வீடு வாங்கியிருந்தார். மூன்றாவது மாடி, கடல் பார்த்த பால்கனி. சுவருக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று கேட்க, வண்ண அட்டைகளோடு வந்திருந்தார்.

"என்னது இருநூறு மீட்டர்?" என்றார் வாசலிலிருந்தே.

"ஒண்ணும் இல்ல அண்ணி. மாடல்ல ஏதோ..."

நாத்தனார் வந்து திரையைப் பார்த்தார். சிவப்பாகப் புடைத்துக்கொண்டிருந்த கடலைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மூணாவது மாடின்னா எத்தனை மீட்டர்டா தம்பி?"

"ஒரு பத்து இருக்கும்கா" என்றார் கணவர், கையில் மேல்வரிசைப் பல்லோடு. அந்த நேரத்தில் கணக்கைச் சரியாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

கடலக்காவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடித் தாழ்ப்பாள் போட்டாள். அந்த வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். அலுவலகத்தில் எதிர் இருக்கைக்காரனைக் கூப்பிட்டாள். அவன் வேலை கடல்மேல் உறையும் பனியைக் கணக்குப் போடுவது. அதனால் அவனுக்கு ஐஸ் என்று பெயர்.

"ஐஸ், உடனே லேப்டாப்பைத் திற. என் உள்கடல்ல தண்ணி மலை மாதிரி நிக்குது."

மறுபக்கம் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை.

"என்னன்னு சொல்லித் தொலைடா!"

"அக்கா, வாய் அடைச்சிருக்கு. அந்தக் கடலுக்கு வெளிய போற ஒரே ஒரு கட்டம். அதுல ஆழம் பூஜ்யம்னு இருக்கு. நிலமாக்கிட்டீங்க. ஆறு எல்லாம் உள்ள வந்து கொட்டுது, வெளிய போக வழி இல்ல. அறுநூறு வருஷமா நிரம்பிட்டே இருக்கு."

அவள் குளியலறைச் சுவரில் சாய்ந்தாள். நினைவு வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு தீவின் ஓரத்தைச் சரிசெய்தபோது ஒரு கட்டம் தள்ளிப் பூஜ்யத்தைத் தட்டியிருக்கிறாள்.

"விடுங்கக்கா. போன வருஷம் நான் பூமத்திய ரேகையில ஐஸ் விளைய வச்சேன், ஞாபகம் இருக்கா? ஒரு கழித்தல் குறி பண்ண வேலை. நீங்க பரவால்ல, ஒரு கடலைத்தான் அடைச்சீங்க."

ஆனால் அவள் மனது அதற்குள் வேறொரு இடத்துக்கு ஓடிவிட்டது. அந்த ஆறுகளின் நல்ல தண்ணீரெல்லாம் உள்கடலிலேயே மாட்டிக்கொண்டதென்றால், பெருங்கடலுக்குப் போய்ச் சேரவேண்டிய தண்ணீர் போய்ச் சேரவில்லை. அப்படியானால் பெருங்கடலில் உப்பு கூடியிருக்கும். உப்பு கூடினால் தண்ணீர் கனக்கும், நன்றாக இறங்கும். ஓட்டம் அசையாமல் ஓடியதற்கு அதுதான் காரணமோ? தலைவரின் நல்ல செய்தி, அவள் தட்டிய பூஜ்யத்தின் புண்ணியம்தானோ?

இதை யோசித்தபடி அவள் வெளியே வந்தபோது வீட்டில் நாத்தனார் இல்லை. வண்ண அட்டைகள் தரையில் சிதறிக் கிடந்தன.

"அண்ணி எங்கங்க?"

"கீழ போயிருக்கு" என்றார் கணவர். அவர் முகம் சரியில்லை. "நான் வேணாம்னுதான் சொன்னேன்."

அப்போது மாடிப்படிக் கிணற்றுக்குள்ளிருந்து, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி, ஒரு குரல் எழும்பி வந்தது.

"அனைவரின் கவனத்திற்கு. நமது ஊர்க் கடல் இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் உயர்ந்துவிட்டது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் உடனடியாக மேல் மாடிக்குச் செல்லவும். மீண்டும் அறிவிக்கிறோம்."

அவள் வெறுங்காலோடு படியில் ஓடினாள். ஓடியவளால் முதல் மாடிக்குக் கீழே போக முடியவில்லை. தரைத்தளத்துக்காரர் தம் வாஷிங் மெஷினை மேலே தூக்கிக்கொண்டு வர, அது படி திரும்புகிற இடத்தில் செருகிக்கொண்டு நின்றது. பின்னால் அவர் மனைவி ஒரு கையில் தலையணையும் மறுகையில் இஸ்திரிப் பெட்டியுமாய். அவருக்கும் பின்னால் நாத்தனார். படிக்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், வாகனம் நிறுத்துமிடத்தில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் தன் காரின் கூரையில் லாரி டியூப்களைக் கட்டிக்கொண்டிருந்தார். கார் மிதக்குமாம். அவருக்கு உதவியாக அங்கே நின்றவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே உள்ளே ஏறிச் சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் பயப்படாதீங்க! கடல் ஏறல! நிஜக் கடல் இல்ல அது!" என்று கத்தினாள் கடலக்கா.

"அப்ப டூப்ளிகேட் கடலா?" என்றார் தரைத்தளத்துக்காரர், மெஷினின் மறுபக்கத்திலிருந்து.

"கம்ப்யூட்டர்ல இருக்கிற கடல்ங்க. அதுல ஒரு இடத்துல தப்பு. வாய் அடைபட்டுப் போச்சு. அதான் தண்ணி ஏறிடுச்சு."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் முன்னே வந்தார். எதற்கும் விசாரணை வைத்துப் பார்க்கிற மனிதர்.

"அடைபட்டுப் போச்சா, யாராவது அடைச்சாங்களா?"

கடலக்காவுக்குப் பொய் வராது. அதுதான் அவளிடமிருந்த பெரிய குறை.

"நான்தான் அடைச்சேன்."

அதற்கப்புறம் படியில் எழுந்த சத்தத்தில் நாத்தனாரின் குரலே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாத்தா சாது மாதிரி இருக்காங்க!"

"நாளைக்கு மழை வருமான்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. கடலை மட்டும் அடைப்பாங்க!" இது டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். கூச்சல் வெளியே வரை கேட்டிருக்க வேண்டும், கார் ஜன்னல் வழியாகவே கத்தினார்.

"ஏம்மா, நான் அங்க வீடு வாங்கினது தெரிஞ்சுமா அடைச்ச?" என்றார் நாத்தனார். அவர் நிஜமாகவே கண்கலங்கியதைப் பார்த்ததும் கடலக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அண்ணி, கைதவறிப் போச்சு. நான் படம் காட்டிச் சொல்றேன், வாங்க."

கணவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். வைக்க வேறு இடம் இல்லாததால், படியில் செருகியிருந்த வாஷிங் மெஷினின் மேலேயே வைத்தாள். மேலே பாதி பேர், கீழே பாதி பேர். அவள் உலக வரைபடத்தைத் திறந்து கட்டங்களைக் காட்டினாள்.

"ஒரு கட்டம் நூறு கிலோமீட்டர் அகலம். இந்தக் கடலோட வாய் நிஜத்துல ரெண்டு மூணு கிலோமீட்டர்தான். அதனால மாடலுக்கு அது கண்ணுக்கே தெரியாது. நாங்கதான் கையால வழி வெட்டி விடணும். நான் வெட்டறதுக்குப் பதிலா மூடிட்டேன். இதுக்கும் நம்ம வீட்டு வாசலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

நல்ல விளக்கம்தான். கூட்டத்தில் தலையாட்டினார்கள். செயலாளரும் தலையாட்டினார்.

"எல்லாம் சரிங்க மேடம். எப்ப திறப்பீங்க?"

"இல்ல சார், நான் சொல்றது..."

"எங்க கண்ணு முன்னாடி திறந்துடுங்க. அவ்வளவுதான் நாங்க கேக்கறது."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் 'திறந்து தொலையேன்' என்பதுபோல் புருவத்தை ஆட்டினார். அவள் அந்தக் கட்டத்துக்குப் போனாள். பூஜ்யத்தை அழித்தாள். ஐம்பது என்று ஆழம் போட்டாள். பழுப்பு நிறமாய் இருந்த ஒரே ஒரு சதுரம் நீலமாக மாறியது.

கைதட்டல் கட்டடத்தையே தூக்கியது. தரைத்தளத்து அம்மாள் மெஷினுக்கு மேலாக எட்டி, தலையணையோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டார். நாத்தனார் கண்ணைத் துடைத்தார், தொண்டையைச் செருமினார்.

"அனைவரின் கவனத்திற்கு. கடல் திறந்துவிடப்பட்டது. பயணிகள்... குடியிருப்போர் அனைவரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பலாம்."

திரும்புவதற்கு நேரமானது. வாஷிங் மெஷின் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைசியில் கணவர் பல்லுக்கு வைக்கிற மெழுகைக் கொண்டுவந்து சுவரில் தடவினார். மெஷின் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அன்று கட்டடத்தில் நடந்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் அவள் தலைவரிடம் போய் நின்றாள். நடந்ததை அப்படியே சொன்னாள். தலைவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்த நல்ல செய்தி?"

"அது செய்தியே இல்ல சார். என் விரல் பண்ண வேலை. மொதல்லேர்ந்து ஓட்டணும்."

"கூட்டத்துல?"

"கடலை அடைச்சா என்ன ஆகும்னு வேணா பேசறேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரிக்காமல் இருந்திருந்தால் அவள் அழுதிருப்பாள். மறுபடி வருஷம் ஒன்றிலிருந்து ஓட்ட அனுமதி கொடுத்தார். கூட்டத்தில் அவளுக்குப் பதிலாக ஐஸ் போய்ப் பேசினான். பூமத்திய ரேகைப் பனியைப் பற்றித்தான் பேசினான். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்ததாம்.

அந்தப் புதுக் கணக்கு ஓடி முடிவதற்குள் நாத்தனார் கடற்கரை வீட்டுக்குக் குடிபோய்விட்டார். வீட்டைப் பார்க்க வருகிறவர்களையெல்லாம் பால்கனிக்கு அழைத்துப்போய்க் கடலைக் காட்டுவார். "இத அடைச்சு வச்சிருந்தாங்க. நான் சத்தம் போட்டேன். அன்னிக்கே திறந்துட்டாங்க" என்பார். கடலக்கா முதலில் ஒன்றிரண்டு தடவை மறுத்துப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அதில் முழுப் பொய்யும் இல்லை. அண்ணி அப்படி ஊரைக் கூட்டியிராவிட்டால், அந்தச் சிவப்புப் புள்ளியை மறைத்து ஒரு தலைப்பைப் போட்டுக் கூட்டத்தில் காட்டியிருப்போமோ என்று அவளுக்கே தன்மேல் ஒரு சந்தேகம் இருந்தது.

புதுக் கணக்கில் உள்கடல் சமர்த்தாக இருந்தது. ஆறுகள் வந்தன, வாய்வழியே போயின. ஆனால் பெருங்கடலின் கோடு, போன தடவை மாதிரி நேராக ஓடவில்லை. மெல்ல மெல்லச் சரிந்தது. இருநூறு வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் குறைந்துபோயிருந்தது. அவள் ஒவ்வொரு கட்டமாகச் சோதித்தாள். எங்கும் பூஜ்யம் இல்லை. தப்பு இல்லை. கோடு சரிந்துகொண்டுதான் இருந்தது. மேசையில் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கணவர் தன் பாதி மேசையிலிருந்து எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் அவள் பக்கத்தில் டீயை வைத்துவிட்டுப் போனார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. படியில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரைப் பிடித்துச் சொன்னாள். "எவ்வளவு நாள்ல?" என்றார். "இருநூறு வருஷத்துல." "ஓ" என்று சொல்லிவிட்டு அவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே இறங்கிப் போனார். செயலாளர் கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க பாத்துக்குவீங்க மேடம்" என்றார். தண்ணீர் மலைக்குக் காரில் டியூப் கட்டிய கட்டடத்தில், ஒரு கோடு சரிகிறதற்கு ஒருவர் தலையணைகூட எடுக்கவில்லை.

கடைசியில் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, கணக்கு முடிஞ்சுது. கடலோட ஓட்டம் குறையுது."

"என்னம்மா சொல்ற? மறுபடி அடைச்சிட்டியா?"

"இல்ல அண்ணி. இது தப்பு இல்ல. மாடல் சரியா சொல்றதே இதுதான். கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சுல ஒரு பங்கு குறையுது. இருநூறு வருஷத்துல."

மறுமுனையில் அலை அடிப்பது கேட்டது. நாத்தனார் பால்கனியில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

"அது நல்லதில்லையா?" என்று கேட்டார். அந்தக் குரல் இவ்வளவு சின்னதாகவும் இருக்கும் என்று கடலக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"நல்லதில்ல அண்ணி."

"சரி. நீ விடாம பாத்துட்டே இரு." ஒரு பெருமூச்சு. பிறகு பழைய குரல் திரும்பிவிட்டது. கடலக்கா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். "இருநூறு வருஷம் இருக்குன்னா, பால்கனிக்குக் கம்பி போட்டுடலாம்தானே? புறா தொல்லை தாங்கல."

"போட்டுடலாம் அண்ணி" என்றாள் கடலக்கா.